99 சென்ட்டில் தொடங்கி 32 லட்சம் டாலரில் முடிந்த ஏலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஆகஸ்ட் 24 அன்று ஈபே தளத்தில் ஒரு காமிக்ஸ் இதழ் 32,07,852 டாலருக்கு ஏலம் போனது. 1938-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அது. சூப்பர்மேன் முதன்முதலாக வாசகர் முன் வந்து நின்ற இதழ். அன்று கடையில் அதன் விலை 10 சென்ட். 76 வருடம் கழித்து நடந்த ஏலத்தில் தொடக்க விலை 99 சென்ட். பத்து நாளில் 48 முறை விலை கேட்கப்பட்டு, அதுவரை எந்தக் காமிக்ஸுக்கும் பொது ஏலத்தில் கிடைக்காத தொகையில் போய் நின்றது.

அப்போது செய்திகளில் எல்லாம் அந்தத் தொகை மட்டும்தான் பேசப்பட்டது. எனக்கு அந்தத் தொகையைவிட, அதை விற்ற விதமும் வாங்கிய விதமும்தான் முக்கியமாகப் படுகின்றன. இணைய ஏலத்தில் பழைய காமிக்ஸ் வாங்கவோ விற்கவோ நினைப்பவர், பத்து டாலர் இதழாக இருந்தாலும் சரி, பத்தாயிரம் டாலர் இதழாக இருந்தாலும் சரி, இந்த ஒரு விற்பனையைப் பிரித்துப் பார்த்தால் போதும். எங்கே பணம் உருவாகிறது, எங்கே தொலைகிறது என்பது தெரிந்துவிடும்.

இதழின் பிறப்பு

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன், 1938 ஜூன் மாத இதழாகக் கடைக்கு வந்தான். அட்டையில் ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பவை சுமார் நூறு என்பது இத்துறையில் வழங்கும் கணிப்பு. மற்றவை எல்லாம் படிக்கப்பட்டன, கை மாறின, கிழிந்தன, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய காகிதம் சேகரித்தபோது கூழாகப் போயின. சேர்த்து வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றாததால்தான் இன்று விலை.

சூப்பர்மேன் பாத்திரத்தின் முழு உரிமைக்கும் அந்த இருவருக்கும் கிடைத்தது 130 டாலர். அந்தத் தொகையும் வேறு சில வேலைகளுக்கான கூலியும் சேர்த்து எழுதிய 412 டாலர் காசோலை, 2012-ல் ஒரு இணைய ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. படைத்தவர்களின் கைக்கு வந்ததைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல், அந்த உரிமையை அவர்களிடமிருந்து வாங்கிய துண்டுக் காகிதத்துக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். காமிக்ஸ் சேகரிக்கும் எவரும் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

சரி, 2014-ல் விற்ற பிரதிக்கு வருவோம். விற்றவர் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே நகரில் 'பிரிஸ்டீன் காமிக்ஸ்' கடை வைத்திருந்த டேரன் ஆடம்ஸ். இந்தப் பிரதியை முதலில் வாங்கியவர் மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் இருந்தவர், கடையில் வாங்கிய இதழைத் தேவதாரு வகை மரப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்தார், அவர் இறக்கும்வரை சுமார் நாற்பது வருடம் அது அங்கேயே கிடந்தது என்று ஆடம்ஸ் சொன்னார்.

இந்த மரப்பெட்டிக் கதை பரவியபின், நல்ல மணம் வீசும் மரப்பெட்டியில் வைத்தால் காமிக்ஸ் காப்பாற்றப்படும் என்று சிலர் நம்பத் தொடங்கினார்கள். அது தவறான பாடம். மரப்பெட்டியிலிருந்து வெளிவரும் அமில ஆவி காகிதத்துக்கு ஆகாது. ஆவணக் காப்பாளர்கள் மரப்பெட்டியைத் தவிர்க்கத்தான் சொல்வார்கள். இந்த இதழைக் காப்பாற்றியவை இருட்டும், மலையின் குளிர்ச்சியும், யாரும் தொடாமல் விட்டதும்தான் என்பது என் கருத்து. காமிக்ஸ் அச்சான தாள் மரக்கூழ் தாள். அதில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் அது பழுப்பாகும், நாளடைவில் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். 76 வருடத் தாள் ஒன்று வெள்ளையாகவே இருக்கிறது என்றால், பழக்கப்பட்டவர் யாரும் ஒரு கணம் நின்று பார்ப்பார். ஆடம்ஸின் பிரதியில் பக்கங்கள் வெள்ளை என்றே சான்று இருந்தது.

ஒன்பது என்ற எண்

சான்று கொடுத்தது சிஜிசி. 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய தர நிர்ணய நிறுவனம். இதழை அனுப்பினால் பக்கம் எண்ணி, ஒட்டுவேலை, வண்ணம் பூசல், ஓரம் வெட்டல் எதுவும் நடந்திருக்கிறதா என்று சோதித்து, 0.5 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இதைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்கிறார்கள். மேலே இருக்கும் சீட்டின் நிறம் முக்கியம். நீலம் என்றால் யாரும் கைவைக்காத இதழ். ஊதா என்றால் பழுது பார்த்தது. ஊதாச் சீட்டு வந்தால் இதழ் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை பலமாக இறங்கும்.

இந்த எண்ணுக்கு என்ன விலை என்பதை 2010-ல் நடந்த இரண்டு விற்பனைகளை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் இதே ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ்தான். பிப்ரவரியில் 8.0 தரப் பிரதி ஒன்று 10 லட்சம் டாலருக்குப் போனது. மார்ச் மாதக் கடைசியில் 8.5 தரப் பிரதி 15 லட்சம் டாலருக்குப் போனது. இடையில் ஐந்தே வாரம். அரைப் புள்ளிக்கு 5 லட்சம் டாலர் வித்தியாசம். அந்த அரைப் புள்ளி என்பது முதுகோரத்தில் நாலைந்து மெல்லிய மடிப்புக் கோடுகளாக இருக்கலாம், ஒரு மூலை மழுங்கியதாக இருக்கலாம். வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

கீழே இறங்கினாலும் இதே கதைதான். மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்ற சிற்றூரில் ஒருவர் பழைய வீடு ஒன்றை 10,100 டாலருக்கு வாங்கிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்குள் அடைத்து வைத்திருந்த பழைய தாள்களுக்கு நடுவே இதே முதல் இதழ் கிடைத்தது. மதிப்பு தெரிந்த பரபரப்பில் உறவினர் ஒருவர் அதைப் பிடுங்கப் போக, பின்னட்டை கிழிந்துவிட்டது. கடைசியில் தரம் 1.5 என்று வந்தது. 2013-ல் இணைய ஏலத்தில் 1,75,000 டாலருக்கு விற்றது. அந்த ஒரு கிழிசலால் மட்டும் 75,000 டாலர் போனதாக மதிப்பிட்டார்கள். கையில் கிடைத்த பழைய இதழைப் பத்துப் பேருக்குக் காட்டுவதற்கு முன் ஒரு பாலித்தீன் உறைக்குள் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வது இதனால்தான்.

ஆடம்ஸின் பிரதிக்குக் கிடைத்த எண் 9.0. அதற்கு மேல் தரம் பெற்ற வேறு பிரதி அன்று இல்லை. அதே எண் பெற்ற இன்னொரு பிரதி மட்டும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் அதன் கதை இல்லாமல் இந்த விற்பனை முழுதாக விளங்காது.

ஏன் ஈபே?

இப்படி ஓர் இதழ் கையில் இருப்பவர் பெரிய ஏல நிறுவனத்தைத்தான் தேடிப் போவார் என்று நினைப்போம். போயிருக்கலாம். ஆனால் பெரிய ஏல நிறுவனங்கள் பலவற்றில் வாங்குபவர், கூப்பிட்ட விலைக்கு மேல் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். விற்பவர் பங்கிலும் ஒரு பிடித்தம் இருக்கலாம். வாங்குபவர் எப்போதும் மொத்தத் தொகையை மனதில் வைத்துத்தான் கூப்பிடுவார். ஆகவே அந்த 20 சதவீதம் யார் சட்டைப்பையிலிருந்து போகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி விற்பவருடையதுதான். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஈபேயில் வாங்குபவருக்கு இந்தக் கூடுதல் கட்டணம் இல்லை, கூட்டமோ மிகப் பெரியது.

இன்னொரு பக்கம், ஈபேயில் அன்று யாரும் இந்த விலைக்குக் காமிக்ஸ் விற்றதில்லை. அதையே ஆடம்ஸ் தன் பலமாக மாற்றிக்கொண்டார். 99 சென்ட்டில் தொடங்கும் ஏலம் என்பதே ஒரு செய்தி. விலையின் ஒரு பகுதி, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் பெயரால் நடக்கும் கிறிஸ்டோபர் அண்ட் டானா ரீவ் அறக்கட்டளைக்குப் போகும் என்ற அறிவிப்பும் சேர்ந்தது. காமிக்ஸ் தொடாதவர்கள்கூட அந்தப் பத்து நாளும் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருக்கும் ஓர் இதழை 99 சென்ட்டில் போட்டுவிட்டு அது தானாக ஏறும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. ஏலத்தில் விலையை ஏற்றக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். உலகமே தேடும் இதழுக்கு அந்த இரண்டு பேர் எந்த நாளிலும் கிடைப்பார்கள். 1980-களில் லட்சக்கணக்கில் அச்சான இதழுக்கு, அந்த வாரம் ஒரே ஒருவர்தான் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு அது அடிமாட்டு விலைக்குப் போகும். சாதாரண இதழுக்குக் குறைந்தபட்ச விலை வைப்பதோ நேர்விலையில் போடுவதோதான் நல்லது.

ஆடம்ஸ் செய்ததில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் வேறு. வாங்குபவர் இதழைத் தொடப் போவதில்லை என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்ற வரலாற்றைச் சொன்னார். தரச் சான்றைக் காட்டினார். தாளின் வெண்மையை முன்னால் வைத்தார். இணைய ஏலத்தில் ஒருவர் கூப்பிடும் விலை, அவர் எவ்வளவு பார்க்க முடிந்ததோ அவ்வளவுக்குத்தான். பார்க்க முடியாத ஒவ்வோர் அங்குலத்துக்கும் அவர் மனதுக்குள் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். நேர்மையாக எல்லாவற்றையும் காட்டும் விற்பனையாளர், குறையையும் சேர்த்துக் காட்டினாலும், அதிக விலை வாங்குவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அந்த 852 டாலர்

32,07,852. எனக்கு இந்தத் தொகையின் கடைசி மூன்று இலக்கங்கள் மீது ஒரு தனிப் பிரியம்.

ஈபேயில் ஏலம் கேட்பவர் தான் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையை முதலிலேயே எழுதி வைக்கலாம். தளம் அவருக்காகத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். முடிவில் அவர் கட்டுவது தன் உச்ச விலையை அல்ல, இரண்டாவது இடத்தில் இருப்பவரின் உச்ச விலைக்கு மேல் ஒரு படி. 5,000 டாலருக்கு மேல் ஒரு படி என்பது 100 டாலர். ஆகவே 852-க்கு இரண்டு விளக்கம்தான் இருக்க முடியும். ஒன்று, தோற்றவர் 32,07,752 என்று எழுதியிருந்து, வென்றவர் அதற்கு மேல் 100 கட்டினார். அல்லது, வென்றவரே தன் உச்சமாக 32,07,852 என்று எழுதியிருந்து, தோற்றவர் ஒரு படிக்கும் குறைவான தூரத்தில் நின்றார்.

எப்படிப் பார்த்தாலும், ஒருவர் 32 லட்சம் என்றோ 32 லட்சத்து 10 ஆயிரம் என்றோ முழு எண்ணாக எழுதாமல், சில்லறையோடு எழுதியிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் செய்வது அதுதான். பெரும்பாலானவர்கள் முழு எண்ணில் நின்றுவிடுவார்கள், அதைத் தாண்டச் சில்லறை போதும். 500 டாலர் என்று எழுதுபவரை 507 என்று எழுதுபவர் ஜெயிப்பார்.

கடைசி விநாடியில் கூப்பிடுவதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நான் அதில் ஒரு தவறும் பார்க்கவில்லை. ஆனால் அது உண்மையில் காப்பாற்றுவது நம்மை நம்மிடமிருந்துதான். இரண்டு நாள் முன்பே விலையை எழுதிவிட்டு, இன்னொருவர் தாண்டியதும் ரோஷத்தில் இன்னும் 50, இன்னும் 50 என்று ஏற்றுவதுதான் ஏலத்தில் பணம் போகும் முதல் வழி. உட்கார்ந்து யோசித்து ஓர் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியில் அதை ஒரே முறை போடுங்கள். தோற்றால் தோற்றதாக இருக்கட்டும். அதே இதழின் இன்னொரு பிரதி பெரும்பாலும் இன்னொரு நாள் வரும்.

வென்றவர்கள் யார் என்பது இந்த நிகழ்வின் சுவையான பகுதி. நியூயார்க்கின் மெட்ரோபாலிஸ் கலெக்டிபிள்ஸ், அதாவது ஸ்டீபன் ஃபிஷ்லரும் வின்சென்ட் ஸுர்ஸோலோவும். அவர்களே காமிக்கனெக்ட் என்ற ஏலத் தளத்தையும் நடத்துபவர்கள். 9.0 தரத்தில் இருந்த இன்னொரு பிரதியை மூன்று வருடம் முன்பு ஏலம் போட்டு விற்றவர்களும் அவர்களேதான். அந்த விலை என்ன, அப்போது யார் யார் கேட்டார்கள், எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் உலகத்தில் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் 32 லட்சம் வரை போனார்கள் என்றால் அது ஆசையில் கூப்பிட்ட விலையாக இருக்காது. ஒரு வியாபாரி தனக்கு எதிராகக் கூப்பிடுவதைப் பார்த்தால், சேகரிப்பாளர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஒன்பது

9.0 தரம் பெற்ற அந்த இன்னொரு பிரதி, நடிகர் நிக்கோலஸ் கேஜ் 1990-களில் வாங்கியது. 2000-ல் அவர் வீட்டிலிருந்து திருடு போனது. பதினோரு வருடம் எந்தத் தகவலும் இல்லை. 2011 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வாடகைக்கு விடப்படும் சேமிப்பு அறை ஒன்றில் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில் காமிக்கனெக்ட் ஏலத்தில் 21,61,000 டாலருக்குப் போனது.

திருடியவர் அதை ஏன் அத்தனை வருடம் விற்கவில்லை? விற்க முடியாது என்பதுதான் பதில். அவ்வளவு உயர்ந்த நிலையில் இருக்கும் பிரதிகளை விரல் விட்டு எண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. அட்டை மடிக்கும்போது எத்தனை மில்லிமீட்டர் சரிந்தது, தாள்களைச் சேர்க்கும் கம்பிப் பின் எந்த இடத்தில் குத்தியிருக்கிறது, எங்கே ஒரு மைப்பொட்டு. இவை அச்சகத்திலேயே விழுந்த ரேகைகள். பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் போதும், இது அதுதான் என்று சொல்லிவிடலாம்.

இதில் நமக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் இருக்கிறது. உங்களிடம் மதிப்புள்ள இதழ் எது இருந்தாலும், முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கப் பின்கள், நான்கு மூலை இவற்றைப் பளிச்சென்று படம் எடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். காப்பீட்டுக்கும் அதுதான் சாட்சி, திருட்டுக்கும் அதுதான் சாட்சி. விற்கும் நாளில் அதே படங்கள் உங்கள் விளம்பரமாகவும் ஆகும்.

2011-க்கும் 2014-க்கும் இடையில் ஒரே எண் போட்ட இரண்டு பிரதிகளின் விலை வித்தியாசம் ஏறக்குறைய 48 சதவீதம். சந்தை ஏறியது ஒரு காரணம். ஆனால் 9.0-க்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். வெள்ளைத் தாள், ஒரே கையில் நாற்பது வருடம் இருந்த அமைதியான வரலாறு. வாங்குபவர்கள் எண்ணுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை.

உறையை நம்பலாமா?

2023-ன் இறுதியில் இந்தத் துறை ஆடிப்போனது. மேலே சொன்ன பிளாஸ்டிக் உறையையே ஆயுதமாக்கிய மோசடி வெளியே வந்தது. செய்த விதம் எளிமையானது. 9.8 தர இதழ் ஒன்றை உறையோடு வாங்குவது. உறையைத் தடயம் தெரியாமல் திறந்து, உள்ளே இருக்கும் நல்ல இதழை எடுத்துவிட்டு, அதே இதழின் மட்டமான பிரதி ஒன்றை வைப்பது. பின் உறையை மாற்றித் தரச் சொல்லித் தர நிறுவனத்துக்கே அனுப்புவது. உறை மாற்றும்போது அவர்கள் மறுபடி தரம் பார்க்கவில்லை. ஆகவே மட்டமான பிரதி, பழைய 9.8 எண்ணோடு, புத்தம் புது உறையில் வந்து சேரும். அதை விற்பது. எடுத்து வைத்த நல்ல பிரதியும் கையில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர்கள் சேகரிப்பாளர்கள். அதே சான்று எண்ணோடு முன்பு விற்றபோது போட்ட படத்தையும் இப்போது விற்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சான்று எண் ஒன்று, இதழ் வேறு. பின்னர் சிஜிசி சந்தேகத்துக்குரிய சுமார் 350 இதழ்களின் சான்று எண்களை வெளியிட்டது, வழக்கும் தொடுத்தது.

உறையை நம்பவே கூடாது என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். அது இல்லாத காலத்தில் நடந்த ஏமாற்று இதைவிடப் பல மடங்கு. ஆனால் சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்காமல், பழைய ஏலப் படங்களைத் தேடாமல் ஆயிரம் டாலர் கொடுப்பது இனிமேல் நியாயமே இல்லை. பெரிய ஏல நிறுவனங்கள் பல வருட விற்பனைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோடு வைத்திருக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

உறை இல்லாத இதழில் என்ன நடக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 1974-ல் வந்த மார்வெல் இதழ் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். விற்றவர் முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் அருமையான படம் போட்டிருந்தார், 'மிக நல்ல நிலை' என்று எழுதியிருந்தார். அட்டைகள் அப்படித்தான் இருந்தன. வந்து சேர்ந்த அன்று மாலை பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். வாசகர் கடிதப் பக்கத்தில், தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக, சுத்தமான ஒரு சதுர ஓட்டை. அதன் வழியே அடுத்த பக்கத்தின் நிறம் தெரிந்தது. அந்தக் காலத்து மார்வெல் இதழ்களில் வெட்டி ஒட்டிச் சேகரிக்கும் சிறு சீட்டு ஒன்று அச்சிடுவார்கள். 1974-ல் ஏதோ ஒரு பிள்ளை கத்தரிக்கோல் எடுத்துச் சந்தோஷமாக வெட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் நான் கொடுத்த விலையில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது. விற்றவர் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை என்றார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதும் உண்மை.

அன்றிலிருந்து ஏலம் முடிவதற்கு முன்பே விற்பவருக்கு எழுதுகிறேன்: பக்கங்கள் எண்ணிப் பார்த்தீர்களா, உள்ளே எதுவும் வெட்டியிருக்கிறதா, நடுத்தாள் பின்னோடு ஒட்டி இருக்கிறதா, முதுகோரத்தில் வண்ணப் பேனா தொட்ட மாதிரி தெரிகிறதா, பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா. பதில் தளத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும், தொலைபேசியில் அல்ல. பதிலே வராவிட்டால் நான் கூப்பிடுவதில்லை. எத்தனை அரிய இதழானாலும்.

பணமும் பார்சலும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தளத்துக்கு வெளியே பணம் கேட்பவரிடம் வாங்க வேண்டாம். பெரிய தொகை என்றால், இதழ் கைக்கு வரும்வரை மூன்றாவது ஒருவர் வைத்திருக்கும் பொறுப்புக் கணக்கில் பணம் நிற்பது இருவருக்கும் நிம்மதி. பார்சலில் இதழ் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அசையாமல் இருக்க வேண்டும், பெட்டியின் சுவரைத் தொடக் கூடாது. பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். காப்பீடு எந்தத் தொகை வரை, காமிக்ஸ் போன்ற சேகரிப்புப் பொருளுக்குச் செல்லுமா என்று அனுப்பும் முன்பே கேளுங்கள். பலரும் உடைந்தபின்தான் கேட்கிறார்கள்.

அதற்குப் பின்

2014-ன் சாதனை பல வருடம் நின்றது, பின் உடைந்தது. 2024 ஏப்ரலில் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் இதே முதல் இதழின் 8.5 தரப் பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது. 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' முதல் இதழின் 9.0 தரப் பிரதி ஒன்று அதே நிறுவனத்தில் 91.2 லட்சம் டாலர் வாங்கியது. இறந்துபோன தாயின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் மூன்று சகோதரர்கள் கண்டெடுத்த பிரதி அது. இந்த இரண்டு தொகையும் வாங்குபவர் கட்டணம் சேர்த்தவை என்பதால், ஈபேயில் வந்த 32 லட்சத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. விலைப் பட்டியல் பார்க்கும்போது கட்டணம் உள்ளேயா வெளியேயா, பொது ஏலமா தனி விற்பனையா என்று பார்க்காமல், 'இவ்வளவு சதவீதம் ஏறிவிட்டது' என்று கணக்குப் போடுபவர்களை நான் நம்புவதில்லை.

திருடு போய்த் திரும்பிய அந்த இன்னொரு 9.0 பிரதி, 2026 ஜனவரியில் தனி விற்பனையில் 1.5 கோடி டாலருக்குக் கை மாறியதாக அறிவித்தார்கள். 2011-ல் கொடுத்த விலையைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அதை நடத்தி வைத்தவர்களும், 2014-ல் ஆடம்ஸின் பிரதிக்குக் கடைசியாக விலை கேட்டு ஜெயித்த அதே மெட்ரோபாலிஸ்காரர்கள்தான். திருட்டும் அந்தப் பதினோரு வருட மறைவும் இப்போது அந்தப் பிரதியின் வரலாற்றில் ஒரு பகுதியாகி, செய்தி வெளியான இடங்களிலெல்லாம் தரத்தின் எண்ணுக்கு முன்னால் அதைத்தான் முதலில் எழுதினார்கள்.